நடிக்க வராதவர் வகுப்பில் கதை வாசிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் படிக்கும் ஒன்றாம் வகுப்பில், பெற்றோர் யாராவது வந்து கதை வாசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நீங்களும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டீர்கள். 25 குழந்தைகள், அரை மணி நேரம். உங்களுக்குக் குரல் மாற்றிப் பேச வராது, கூச்ச சுபாவம் வேறு. பிள்ளைகளைச் சிரிக்க வைக்கப் பொம்மை ஏதாவது வாங்க வேண்டுமா, எப்படித் தயாராவது என்று கேட்கிறீர்கள்.

பொம்மை வாங்க வேண்டாம். கூச்சத்தோடேயே போங்கள்.

நான் 11 வருடமாக வாரம் ஒரு நாள் மழலையர் வகுப்புகளிலும் ஒன்றாம் வகுப்பிலும் கதை வாசித்து வருகிறேன். முதல் நாள் நானும் உங்களைப் போலத்தான் பயந்தேன். அந்தப் பயத்தைச் சாமான் வாங்கித் தீர்த்துக்கொண்டேன். நான்கு கைப்பாவை, ஒரு கோமாளித் தொப்பி, ஒரு கைமணி, எல்லாம் ஒரு பெரிய பையில். மணியை ஒரே ஒரு முறை அடித்தேன். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாருக்கும் கதை தேவைப்படவில்லை, மணிதான் தேவைப்பட்டது. அடுத்து யார் அடிப்பது என்பதில் இரண்டு பேர் அழுதார்கள். கொண்டுபோன சரக்கு 12 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி 18 நிமிடத்தை ஆசிரியர்தான் ஓட்டினார்.

பிள்ளைகளின் கண் எதன் மேல் விழுகிறதோ அதுதான் அன்றைய நிகழ்ச்சி. அது மணியாகவோ உங்கள் தொப்பியாகவோ இருந்தால் புத்தகம் தோற்றுப்போகும். நன்றாக நடிக்கிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும், முடிந்தபின் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கூச்சப்படுகிறவருக்குப் புத்தகத்தை முன்னால் விட்டுவிட்டுத் தான் பின்னால் நிற்கத் தானாகவே தோன்றும். இந்த வேலைக்கு அந்தக் குணம் வசதியானது.

ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில் போகட்டும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16, 32 என்று கிடைப்பதால் அச்சில் நிலைத்துவிட்ட கணக்கு அது. தலைப்பும் பதிப்பு விவரமும் போகக் கதைக்கு 12, 13 இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். வரிகள் குறைவாக இருந்தால், நிதானமாக வாசிக்க 7 முதல் 10 நிமிடம் ஆகும். ஐந்து, ஆறு வயதுக் கூட்டம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்கிற பொறுமையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூன்று, நான்கு வயது என்றால் 5 நிமிடத்திலேயே நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் அரை மணிக்கு இரண்டு புத்தகம், நடுவில் ஒரு அபிநயப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் மூன்றாவதாக ஒரு சின்னப் புத்தகமும் இருக்கட்டும், எடுக்க வேண்டி வராமலும் போகலாம். நீளமான கதையை முதலில் வாசியுங்கள், குட்டையானதும் வேடிக்கையானதும் பிறகு. மாற்றிச் செய்தால் நல்ல கதை களைத்துப்போன கூட்டத்திடம் மாட்டிக்கொள்ளும்.

எந்தக் கதை? பல்லவி மாதிரி ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற கதையாகப் பாருங்கள். தொலைந்துபோன செருப்பைத் தேடுகிற கதை என்று வையுங்கள். ஒவ்வொரு இடமாகத் தேடிவிட்டு "ஐயோ, இங்கேயும் இல்லையே!" என்று வருகிறது. மூன்றாவது தடவை நீங்கள் "ஐயோ..." என்று இழுத்து நிறுத்தினால் போதும், மிச்சத்தை 25 பேரும் சேர்ந்து சொல்வார்கள். குரல் மாற்றத் தெரியாதே என்று நீங்கள் கவலைப்பட்ட இடத்தை அவர்களே நிரப்பிவிடுவார்கள். இன்னொன்று, படம் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். வீட்டில் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று அங்கிருந்து புரியவில்லை என்றால் அது மடியில் வைத்து ஒரு குழந்தைக்குக் காட்ட வேண்டிய புத்தகம், வகுப்புக்கு ஆகாது. மூடியைத் திறந்து பார்க்கிற, இழுத்துப் பார்க்கிற வகைப் புத்தகங்களும் அப்படித்தான். 25 கைகளும் ஒன்றாக நீளும்.

நீதிக்காக எழுதப்பட்ட கதைகளை நான் எடுத்துப் போவதில்லை. இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்ட மறுநிமிடம் பிள்ளைகளின் முகம் பரீட்சை எழுதுகிற முகமாக மாறிவிடும். பொய் சொல்லக் கூடாது, பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்று பெரியவர்களுக்குப் பிடித்த பதிலாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார்கள், கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கதை முடிந்ததும் சும்மா இருந்து பாருங்கள், யாராவது ஒருவர் "அந்த நாய் அப்புறம் எங்கே போச்சு?" என்று கேட்பார். அங்கிருந்து பேச்சு நன்றாகப் போகும். சாவு, அம்மா அப்பா பிரிவது, தொலைந்துபோவது மாதிரி விஷயங்கள் கதையில் இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அந்த வகுப்பில் அண்மையில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

சரி, புத்தகம் கிடைத்துவிட்டது. வீட்டில் நான்கைந்து முறை வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள். மனசுக்குள் வாசித்தால் கணக்கில் வராது, நாக்கு தடுக்குகிற இடம் வாய்விட்டு வாசித்தால்தான் தெரியும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. படத்தைப் பிள்ளைகள் பக்கம் காட்ட வேண்டும், எழுத்தை நீங்கள் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஜப்பானியர்கள் இதற்கு அழகாக ஒரு வழி கண்டார்கள். 1930களில் அங்கே கதைசொல்லிகள் சைக்கிளில் ஒரு சின்ன மரச் சட்டத்தை வைத்துத் தெருத்தெருவாக வருவார்கள், கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். காமிஷிபாய் என்று பெயர். சட்டத்தில் பட அட்டைகள் வரிசையாக இருக்கும். முன் அட்டையை உருவிக் கடைசியில் செருகும்போது, அடுத்த படத்துக்கான வரிகள் அதன் முதுகில் எழுதியிருக்கும். படம் பிள்ளைகளுக்கு, எழுத்து கதைசொல்லிக்கு. நான் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்கிறேன். கதையை ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் புத்தகத்தின் பின்னட்டையில் கிளிப் போட்டுக்கொள்வேன். கழுத்தைத் திருப்பவே வேண்டியதில்லை. கதை பாதிக்கு மேல் மனப்பாடமாக இருந்தால் அந்தத் தாளும் ஒரு தைரியத்துக்குத்தான்.

புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். தோளுக்குப் பக்கவாட்டில், நடு முதுகைக் கீழிருந்து ஒரு கையால் தாங்கிப் பிடியுங்கள். இன்னொரு கை புரட்டுவதற்கு. பத்து நிமிடம் அப்படிப் பிடித்தால் கை வலிக்கும், அதையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தையும் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாக ஒரு வீச்சு காட்ட வேண்டும். அவசரமாகக் காட்டினால் "எனக்குத் தெரியல!" என்று ஒரு குரல் வரும். அது வந்துவிட்டால் அடுத்த பக்கத்தில் ஐந்து குரலாகும். அப்புறம் எல்லோரும் முட்டிபோட்டு எழுந்து நிற்பார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு நிஜமாகவே தெரியாமல் போய்விடும்.

உட்காரும் இடத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சம் எதிரே அடித்தால் புத்தகம் இருட்டாகத்தான் தெரியும். பின்னால் வெறும் சுவர் இருப்பது நல்லது. வாசற்கதவு பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வருகிறவர் போகிறவரை எல்லாம் அவர்கள் வேடிக்கை பார்க்காமல் இருப்பார்கள். அவர்கள் தரையில் அரைவட்டமாக, நீங்கள் குட்டை நாற்காலியில். உயரமான நாற்காலி என்றால் முன்வரிசைக்குக் கழுத்து வலிக்கும்.

குரலைப் பற்றி நீங்கள் மிகவும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கும் குரல் மாற்ற வராது. கரடிக்கு ஒன்று, எலிக்கு ஒன்று என்று ஆரம்பிப்பவர்கள் எட்டாவது பக்கத்தில் எது யாருடைய குரல் என்று மறந்துபோய்த் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், "கரடி இப்படிப் பேசாது" என்று திருத்துவார்கள். உங்கள் சாதாரணக் குரல் ஒன்று, ரகசியம் சொல்கிற குரல் ஒன்று, இரண்டும் போதும். சத்தம் கூடும்போது நீங்களும் கத்தாமல் குரலைத் தாழ்த்தினால் முன்வரிசை அடங்கும், பின்னாலேயே மற்றவர்களும் அடங்குவார்கள். வேகம்தான் உண்மையான பிரச்சினை. பயந்தால் எல்லோரும் வேகமாகத்தான் வாசிப்போம். உங்களுக்கு இழுவையாகத் தோன்றும் வேகம்தான் அவர்களுக்குச் சரியான வேகம்.

அப்புறம் பக்கம் புரட்டுவது. படப் புத்தகத்தில் நாடகம் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. கதவைத் தட்டும் சத்தம் ஒரு பக்கத்தில் வரும், தட்டியது யார் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கும். தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, புரட்டாமல், அவர்கள் முகத்தைப் பாருங்கள். இரண்டு நொடி போதும். நடிப்பே தெரியாத ஒருவர் செய்யக்கூடிய நடிப்பு அது, நான் 11 வருடமாக அதை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டுகிறேன்.

கேள்வி கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, வெறுமனே வாசிக்காமல் "இங்கே என்ன நடக்குது?" என்று கேட்கவும், குழந்தை சொல்வதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் பேச்சில் மற்றவர்களை முந்தினார்கள். ஆனால் அது ஒரு பெரியவரும் ஒரு குழந்தையுமாக வீட்டில் நடந்தது. 25 பேர் முன்னால் பக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டால் கதை செத்துவிடும். நான் ஒரு கதைக்கு இரண்டு இடத்தில்தான் நிறுத்துவேன். "இப்ப என்ன பண்ணுவான்?" என்று ஒரு முறை, கடைசியில் ஒரு முறை. அவ்வளவுதான்.

அதிலும் ஓர் ஆபத்து உண்டு. கதையில் பூனை வந்தால் ஒரு குழந்தை கை தூக்கி "எங்க வீட்ல பூனை இருக்கு" என்று சொல்லும். அதை நீங்கள் ரசித்துக் கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். எங்க மாமா வீட்ல பூனை, எங்க பக்கத்து வீட்ல நாய், நான் நேத்து விழுந்துட்டேன் என்று 24 கைகள் வரிசையில் நிற்கும். இதற்கு எனக்குக் கைகொடுப்பது, எல்லோரையும் ஒரே நேரத்தில் உடம்பால் பதில் சொல்ல வைப்பது. "பூனையைத் தொட்டிருக்கிறவங்க எல்லாம் மூக்குல விரல் வைங்க." எல்லோரும் வைப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். சொல்லியே ஆக வேண்டும் என்று துடிக்கிற ஒன்றிரண்டு பேரிடம் "முடிஞ்சதும் முதல்ல நீதான்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கேளுங்கள். மறந்துவிட்டால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

"எனக்கு இந்தக் கதை தெரியும்!" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். புத்தகத்தை மாற்ற வேண்டாம். "அப்ப முடிவு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், யாருக்கும் சொல்லிடாதே" என்று கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்ட கதையையே மறுபடி கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் ஜெசிகா ஹோர்ஸ்டும் மற்றவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதே சொற்களை அதே எண்ணிக்கையில் வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களுக்கு அந்த அளவு வரவில்லை. அதனால் இரண்டாவது வாரம் உங்களைக் கூப்பிட்டால் முதல் வாரக் கதையில் ஒன்றைத் தைரியமாக மறுபடி எடுத்துப் போங்கள்.

கேட்டால் எழுத்தும் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். கனடாவில் மேரி ஆன் எவன்ஸ், ஜான் செந்தோபன் இருவரும் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்து 2005-இல் எழுதினார்கள். பெற்றோர் வாசிக்கும்போது நான்கு வயதுக் குழந்தைகள் பார்த்ததெல்லாம் படத்தைத்தான், எழுத்தின் பக்கம் கண் போனதே அபூர்வம். தலைப்பை வாசிக்கும்போதும், அந்தப் பல்லவி வரி வரும்போதும் எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். எல்லா வரியிலும் ஓட்டினால் அது பாடமாகிவிடும், அதற்கு ஆசிரியர் இருக்கிறார்.

ஒரு குழந்தை முதுகைக் காட்டி உட்காரும், ஒன்று மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விட்டுவிடுங்கள். மேஜைக்கடியில் படுத்திருந்த பையன்தான் ஒருமுறை நான் விட்டுவிட்ட வரியை அங்கிருந்தே எடுத்துக் கொடுத்தான். அடிதடி என்றால் அது ஆசிரியரின் வேலை, நீங்கள் அதட்டப் போக வேண்டாம். அதனால்தான் ஆசிரியர் முழு நேரமும் அறையிலேயே இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்கச் சொல்கிறேன். உங்களை நம்பிவிட்டு அவர் வேறு வேலையாகப் போவது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. பிள்ளைகளைத் தனியாக எங்கும் அழைத்துப் போகாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். யாருக்கு எது ஒவ்வாது என்று உங்களுக்குத் தெரியாது. ஏதாவது ஒரு குழந்தை வீட்டுக் கஷ்டத்தை உங்கள் காதில் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள்.

உங்கள் மகள் விஷயம் தனி. அம்மாவோ அப்பாவோ வகுப்புக்கு வந்தால் சில குழந்தைகள் மடியில் ஏறுவார்கள், சிலர் தெரியாதவர் மாதிரி இருப்பார்கள், சிலர் மற்றவர்கள் உங்களோடு பேசுவதைப் பார்த்து அழுவார்கள். முன்தினமே பேசி வையுங்கள்: அங்கே நான் எல்லோருக்கும் சேர்த்து வந்தவர், வீட்டுக்கு வந்ததும் உனக்கு மட்டும் ஒரு தடவை வாசிக்கிறேன். பக்கம் புரட்டும் வேலையை அவளுக்குக் கொடுக்காதீர்கள், என் மணிக் கதைதான் மறுபடி நடக்கும். எந்தப் புத்தகம் என்று வீட்டில் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுங்கள். வகுப்பில் மற்றவர்கள் சிரிக்கும்போது, தான் எடுத்த புத்தகம் என்ற பெருமை அவளுக்கு ரகசியமாக இருக்கும்.

நடுவில் வரும் அபிநயப் பாட்டைப் பற்றி: உங்களுக்குச் சின்ன வயதில் தெரிந்த எதுவும் ஆகும், ராகம் தப்பினாலும் பரவாயில்லை. எழுந்து, குதித்து, கடைசியில் கைகள் மடியில் வந்து அமரும்படி முடிகிற பாட்டாக இருந்தால் அடுத்த கதைக்கு அவர்களைத் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை. பொம்மை இல்லாமல் முடியவே முடியாது என்று தோன்றினால் ஒரே ஒரு கைப்பாவை, பழைய காலுறையில் பொத்தான் தைத்தது போதும். அது வாயைத் திறந்து பேச வேண்டாம். உங்கள் காதில் மட்டும் ஏதோ சொல்லும், நீங்கள் அதை வகுப்புக்குச் சொல்வீர்கள். "இதுக்குக் கூச்சமா இருக்காம், கொஞ்சம் மெதுவாப் பேசுவீங்களாம்." குரல் மாற்ற வராதவருக்கு இதைவிட நல்ல பொம்மை கிடையாது. வேலை முடிந்ததும் பைக்குள் தூங்கப் போய்விட வேண்டும், புத்தகம் திறந்திருக்கும்போது வெளியே வரக் கூடாது.

எவ்வளவு தயாரானாலும் சில நாள் கதை எடுபடாது. மழையோ, அடுத்த மணி விளையாட்டு என்ற நினைப்போ, வகுப்பில் யாருக்கோ பிறந்தநாளோ, காரணம் உங்கள் கையில் இருக்காது. நாலாவது பக்கத்திலேயே கூட்டம் கலைகிறது என்றால் வரிகளை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டிச் சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்லி முடித்துவிடுங்கள். அச்சில் இருப்பதை எல்லாம் வாசித்தே தீர வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை. அடுத்தது அபிநயப் பாட்டுக்குப் போங்கள்.

அரை மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் போனபின் அவர்களை வைத்துப் பாடம் நடத்த வேண்டியவர் ஆசிரியர். துள்ளிக்கொண்டிருக்கும் வகுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் மறுபடி கூப்பிட யோசிப்பார். முடிந்தால் வாசித்த புத்தகத்தை ஒரு வாரம் வகுப்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கேட்ட கதையைத் தாங்களே புரட்டிப் புரட்டி, எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட உங்களைப் போலவே பக்கவாட்டில் பிடித்து இன்னொருவருக்கு "வாசித்து"க் காட்டுவார்கள். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் மடங்கியிருக்கும், நடுவில் ஒரு தாள் கிழிந்து ஒட்டியிருக்கும். நூலகத்தில் எடுத்த புத்தகமாக இருந்தால் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.